மழையில் காலி வண்டி

கோத்தகிரி மலைப்பாதையில் மழைக்காலத்தில் சறுக்கி நிற்கிற பிக்கப் வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? அநேகமாக எல்லாமே காலி வண்டிகளாக இருக்கும். ஒன்றரை டன் கேரட்டோடு பின்பக்கம் உட்கார்ந்தபடி போகிற வண்டி, மழையோ பனியோ, போய்ச் சேர்ந்துவிடும். அதே வண்டி மேட்டுப்பாளையம் மண்டியில் லோடை இறக்கிவிட்டு வெறும் தார்ப்பாயும் கயிறுமாகத் திரும்பி ஏறும்போதுதான், குஞ்சப்பனைக்கு மேலே ஏதாவது ஒரு வளைவில் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். பாரம் இல்லாத வண்டிதானே சுலபமாக ஏற வேண்டும்?

நெடுகுளா பக்கம் காய்கறி போடுகிற குடும்பம் எங்களுடையது. வீட்டில் ஒரு பொலிரோ பிக்கப் இருக்கிறது, பெரும்பாலும் நான்தான் ஓட்டுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறோம். சராசரி பார்த்தால் 100 மீட்டருக்கு நாலரை மீட்டர்தான், பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் வண்டி சராசரியில் ஓடுவதில்லை. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில் அது 15 மீட்டரைத் தாண்டும். அப்புறம் மழை. கூடலூர்ப் பக்கம் ஆடியில் நனைந்தால், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற எங்களுக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் அடித்து ஊற்றும்.

பாரத்துக்கும் பிடிமானத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள எளிய வழி எடை மேடை. அடுத்த முறை காலி வண்டியோடு எடை மேடைக்குப் போனால், முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை பார்த்துவிட்டு, முன் சக்கரங்கள் மேடையைத் தாண்டும்வரை நகர்த்திப் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி இன்னொரு எடை பாருங்கள். எங்கள் வண்டி மொத்தம் 1,700 கிலோ சுமார். பின் சக்கரத்தில் அதில் நாற்பது சதவீதம்தான், 680 கிலோ. என்ஜின், கியர் பாக்ஸ், கேபின், ஓட்டுகிற ஆள் எல்லாம் முன்னால். பின்னால் இருப்பது ஒரு தகரப் பெட்டி. ஆனால் வண்டியைத் தள்ளுகிற முழு வேலையும் அந்தப் பின் சக்கரங்களுக்கு. வண்டிக்கு வண்டி எண்கள் கொஞ்சம் மாறும், கதை மாறாது.

இப்போது கணக்கு. டயர் வழுக்காமல் தள்ளக்கூடிய விசை என்பது, அதன் மேல் இருக்கும் எடையை ரோட்டின் உராய்வு எண்ணால் பெருக்கினால் வருவது. காய்ந்த தாரில் அந்த எண் 0.7, 0.8 வரை இருக்கும். நனைந்த நல்ல தாரில் 0.5 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயும் சேறும் படிந்து நனைந்த தாரில் 0.25க்கு வந்துவிடும். 680 கிலோவில் கால்பங்கு 170 கிலோ. 1,700 கிலோ வண்டியைப் பத்து சதவீத ஏற்றத்தில் தள்ளத் தேவைப்படுவதும் அதே 170 கிலோ. இழுத்துப் பிடித்தால் ஏறும். வளைவின் உள்விளிம்பில் பதினைந்து சதவீதம் என்றால் 255 கிலோ வேண்டும். இருப்பது 170. சக்கரம் சுற்றாமல் என்ன செய்யும்?

அதே வண்டியில் 1,500 கிலோ ஏற்றுங்கள். அதில் 1,300 கிலோவாவது பின் ஆக்ஸில் மேல்தான் விழும். மொத்தம் 3,200, பின் சக்கரத்தில் 1,980. கால்பங்கு 495 கிலோ. பதினைந்து சதவீத ஏற்றத்துக்குத் தேவை 480. ஒட்டி ஒட்டி ஏறிவிடுகிறது. ஏற்றத்தில் எடை கொஞ்சம் பின்னால் சாயும், அதையும் சேர்த்தால் இரண்டு வண்டிக்கும் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். லோடு ஏற்றும்போது வண்டியின் எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பின் சக்கரத்தின் எடையோ மூன்று மடங்கு ஆகிவிட்டது. இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் லோடோடு இருக்கும் வண்டியை மனதில் வைத்துத்தான் பின் சக்கர இழுவை கொடுத்தார்கள். நாம்தான் அதன் பாதி வாழ்நாளைக் காலியாக ஓட்டுகிறோம்.

கணக்கில் 0.5க்கும் 0.25க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நல்ல ஈரத் தாரில் காலி வண்டிக்கும் 340 கிலோ கிடைக்கிறது, எந்த வளைவையும் ஏறிவிடும். அதனால் மழை என்றாலே பயம் என்பது சரியில்லை. இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டிய மழைக்குப் பின் ரோடு கழுவி விட்டது மாதிரி இருக்கும், டயர் பிடிக்கும். மோசமானது பல நாள் வெயிலுக்குப் பின் வருகிற தூறலின் முதல் கால் மணி நேரம். அதுவரை ரோட்டில் படிந்த டீசல், ஆயில், டயர் தேய்ந்த ரப்பர்த் தூள், புழுதி எல்லாம் அந்தத் தூறலில் குழைந்து ஒரு படலமாக நிற்கும், அடித்துக்கொண்டு போக அந்த மழைக்கு வலு இருக்காது. எங்கள் ரோட்டில் இதற்கு மேல் உள்ளூர்ச் சரக்கும் உண்டு. அரவேனுவைத் தாண்டினால் சில்வர் ஓக் சருகு. வெயிலே படாத வளைவுகளில் பாசி. கழுவி மூட்டை கட்டிய கேரட்டிலிருந்து வழியெல்லாம் சொட்டிக்கொண்டு போகிற தண்ணீர் (இதில் எங்கள் வண்டியின் பங்கும் உண்டு, சரி). பலா சீசனில் குஞ்சப்பனைப் பக்கம் யானை உலுக்கிப் போட்டு மிதித்த பழம். அதன் மேல் டயர் ஏறினால் உராய்வு எண்ணெல்லாம் பேச முடியாது.

இனி வளைவு. மலைப்பாதையில் ஏறுகிறவருக்கு எல்லா வளைவும் ஒன்றல்ல. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். வலப்பக்கம் திரும்புகிற வளைவில் நமக்குக் கிடைப்பது வெளிவட்டம், நீளமானது, ஏற்றம் தணிந்தது. இடப்பக்கம் திரும்புகிற வளைவில் உள்வட்டம் நம்முடையது, குறுகலானது, சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்பது. காலி வண்டி மாட்டுவது இங்கேதான். மாட்டும்போது கீழே இறங்கிப் பார்த்தால் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து சுற்றாது. இடது சக்கரம் மட்டும் புகை வராத குறையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், வலது சக்கரம் ஒன்றும் நடக்காதது போல் நிற்கும்.

காரணம் பின் ஆக்ஸில் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல். திரும்பும்போது உள் சக்கரம் குறைந்த தூரமும் வெளிச் சக்கரம் அதிக தூரமும் ஓட வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். வழுக்குகிற சக்கரம் தாங்குகிற முறுக்கு எவ்வளவோ, நன்றாகப் பிடித்து நிற்கிற சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். வளைவில் ரோடு முறுக்கிக்கொண்டு போவதால் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகித் தொங்குகிறது. காலி வண்டியின் பட்டைகள் (பாரம் தாங்குகிற ஸ்பிரிங் தகடுகள்) விறைப்பாக இருப்பதால் சக்கரம் கீழே தழைந்து ரோட்டைத் தேடிப் போவதும் இல்லை. ஆக, நான் மேலே போட்ட 170 கிலோ கணக்கே தாராளக் கணக்கு. லேசான சக்கரம் தாங்குவதைப் போல இரண்டு மடங்குதான் உண்மையில் கையில் இருக்கும்.

இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது ஆக்ஸிலேட்டரை மிதிப்பது. சுற்றுகிற சக்கரத்துக்கு நிற்கிற சக்கரத்தைவிடப் பிடிமானம் குறைவு. மிதிக்க மிதிக்கப் படலம் மெருகேறும், வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நகரும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் செய்வது வேறு. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுப்பார்கள். பின் சக்கரம் இரண்டிலும் லேசாக பிரேக் பிடிக்கும். சுற்றுகிற சக்கரத்தைச் சுற்ற வைக்கவே இப்போது கூடுதல் முறுக்கு வேண்டும், டிஃபரன்ஷியல் அதே கூடுதலை நிற்கிற சக்கரத்துக்கும் கொடுத்தாக வேண்டும். அந்தச் சக்கரம் நல்ல தாரில் இருப்பதால் தன் பங்கு பிரேக்கையும் மீறி வண்டியை நகர்த்திவிடும். புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்த வித்தை. நகர்ந்தவுடன் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும், மறந்து நாலு வளைவு ஏறினால் லைனிங் கருகும் வாசம் வந்து ஞாபகப்படுத்தும். அதற்கும் நகராவிட்டால் மேலும் கீழும் வண்டி வரவில்லை என்று ஆள் நிறுத்திப் பார்த்துக்கொண்டு, பத்தடி பின்னால் விட்டு, வெளிவட்டமாகப் பிடித்து, முதல் கியருக்குப் பதில் இரண்டாவதில் நிதானமாக ஏற்றுவார்கள். முதல் கியரின் முறுக்கு ஈரத்துக்கு அதிகம்.

ஆனால் ஏறும்போது சறுக்குவது உண்மையில் நல்ல சறுக்கல். வண்டி நிற்கும், ஹாரன் அடிப்பார்கள், மானம் போகும், அவ்வளவுதான். நான் பயப்படுவது காலியாக இறங்குகிற வண்டிக்கு.

மலை வண்டி லோடோடு இறங்கிக் காலியாக ஏறும். கீழேயிருந்து சிமென்ட், ஹாலோ பிளாக், மளிகை கொண்டுவருகிற சமவெளி வண்டி லோடோடு ஏறிக் காலியாக இறங்கும். இறங்கும்போது எடை முன்னால் சாய்கிறது. ஏற்கெனவே 680 கிலோவாக இருந்த பின்பக்கம் இன்னும் குறைகிறது. "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள், சரியான போர்டுதான். ஆனால் பின் சக்கர இழுவை வண்டியில் என்ஜின் பிரேக் (குறைந்த கியரில் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) என்பது பின் சக்கரத்தில் மட்டும் விழுகிற பிரேக். வளைவுக்குள் வந்தபிறகு, வேகம் அதிகம் என்று தோன்றி, மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டு கிளட்சைப் பொத்தென்று விட்டால், அந்த லேசான பின் சக்கரங்கள் ஒரு நொடி அப்படியே பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தது போலத்தான். முன்பக்கம் வளைவில் திரும்பும், பின்பக்கம் நேராகப் போகப் பார்க்கும். முன் சக்கர இழுவை காரில் ஓட்டிப் பழகி பிக்கப்புக்கு வந்த பையன்களுக்கு இது முதல் மழையில்தான் தெரியவருகிறது. கியரை வளைவுக்கு முன்னாலேயே, நேர் ரோட்டில் குறைத்து, கிளட்சை மெதுவாக விட்டு வர வேண்டும். மீறிப் பின்பக்கம் நகர்ந்துவிட்டால் கிளட்சை மிதித்துச் சக்கரத்தை உருள விட்டு, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து வைப்பதுதான் வழி. பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது.

பிரேக் என்றதும் பட்டறைச் சமாச்சாரம் ஒன்று. நிறைய பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போகும், அதன் முனையில் ஒரு வால்வு. மெக்கானிக்குகள் எல்எஸ்பிவி என்பார்கள். அதற்கு மூளையெல்லாம் கிடையாது. லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி நகரும், வால்வு பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தை விடும். காலியானால் சேஸிஸ் எழும்பும், வால்வு பின் பிரேக்கைக் குறைக்கும், லேசான பின் சக்கரம் பிரேக்கில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க. மழையில் காலி வண்டியைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த பொருள் என்று சொல்லலாம்.

நம்மாட்கள் செய்கிற முதல் வேலை, லோடு கூடுதலாக ஏற்றப் பின்னால் ஒரு பட்டை சேர்ப்பது. எங்கள் வண்டியை வாங்கிய புதிதில் காரமடைப் பக்கம் ஒரு பட்டறையில் இதே பேச்சு வந்தது.

"ஒரு பட்டை சேத்தி விட்டர்றனுங்க தம்பி. எத்தனை மூட்டை போட்டாலும் வண்டி உக்காராது."

"உக்காரலைன்னா லோடு இருக்கறது அந்த வால்வுக்கு எப்படிங்ணா தெரியும்?"

அவர் சிரித்தார். "அதயெல்லாம் யாருங் பாக்கறா? கம்பி ஒடஞ்சு வந்தா தூக்கிக் கட்டி உடறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கம்பியை பைண்டிங் ஒயரில் கட்டிவைத்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். லோடு நிலையில் கட்டிவிட்டால் காலியாக இருக்கும்போதும் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும், ஈரத்தில் ஒரு மிதி, பின்பக்கம் சுற்றும். காலி நிலையில் நின்றுவிட்டால் லோடோடு இறங்கும்போது பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும், முன் பிரேக் சூடேறிக் கிடக்கும். பட்டை சேர்த்த வண்டியிலும் இதே இரண்டாவது கதைதான், கம்பியைத் திரும்ப அளவு வைக்காதவரை. அதோடு காலி வண்டி இன்னும் விறைத்து, மேடு பள்ளத்தில் பின் சக்கரம் துள்ளும். துள்ளுகிற நேரத்தில் ரோட்டோடு அதற்கு உறவே இல்லை. நான் பட்டை சேர்க்கவில்லை. இரண்டு மூட்டை குறைவாக ஏற்றுகிறேன்.

காற்று விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. லோடுக்கு ஏற்றபடி பின் டயரில் அறுபதுக்கு மேல் காற்று வைத்து, காலியாகவும் அதே காற்றோடு ஓட்டினால் டயர் கல் மாதிரி நின்று, நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும். காலியாக ஓடும்போது குறைக்க வேண்டும் என்பது சரிதான், கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என்று போட்டே இருக்கும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் இருபது பவுண்டு இறக்கி நெடுகுளாவில் இருபது பவுண்டு ஏற்றுகிற டிரைவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இன்னொரு பக்கம், மலையை விட்டு இறங்கிக் கோவை ரோட்டில் போகும்போது சிக்கல் வேறு. அங்கே வழுக்கல் படலம் போய், தேங்கி நிற்கும் தண்ணீர் மேல் டயர் மிதப்பதுதான் பயம். 1960களில் விமானச் சக்கரங்களை வைத்து நாசா கண்டுபிடித்த சூத்திரம் ஒன்று உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று வரும். 36 பவுண்டு காற்றுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர், 64 பவுண்டுக்கு 133. காற்று கூடினால் மிதப்பது தள்ளிப்போகிறது. ஆனால் காலி லாரி டயர் ரோட்டைத் தொடும் தடம் நீளத்தில் குறுகிவிடுவதால் இந்த வேகத்துக்கு முன்பே மிதக்கும் என்பதும் பின்னால் தெரிந்தது. மலையில் நாம் போகிற இருபது முப்பதில் இந்த மிதப்புக்கெல்லாம் இடமே இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "காற்றை இறக்கு, எல்லாம் சரியாகிவிடும்" என்று யூடியூபில் பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

எடைதான் பிரச்சினை என்றால் எடையை வைத்துக்கொண்டே ஏறலாமே? அதைத்தான் செய்கிறோம். ரிட்டர்ன் லோடு கிடைத்தால் நூறு ரூபாய் குறைத்துப் பேசியாவது ஏற்றிக்கொள்வேன். உரம், மாட்டுத் தீவனம், பெரும்பாலும் கோழி எரு. கோழி எருவோடு மழையில் ஏறுவது மூக்குக்குத் தண்டனை, பின் சக்கரத்துக்கு விருந்து. ஒன்றும் கிடைக்காத நாளில் ஐந்தாறு மணல் மூட்டை. ஒன்று ஐம்பது கிலோ என்றால் 300 கிலோ, பின் சக்கர எடையில் கிட்டத்தட்ட பாதி கூடிவிடும். மூட்டையைப் பின்கதவோரம் போடக் கூடாது. ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் முன்னால். கடைசியில் போட்டால் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் லேசாகும், பின்பக்கம் ஒருமுறை விலகத் தொடங்கினால் அந்த எடையே இழுத்துக்கொண்டு போகும். கட்டாமல் போட்ட மூட்டை முதல் இறக்கத்தில் கேபினை வந்து தட்டும். அப்புறம், எடைக்கு நாலு ஆளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிற பழக்கமும் இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம், சறுக்குகிற வண்டியில் மணல் மூட்டையாக இருக்க எந்த மனுஷன் சம்மதிக்கிறான் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

நான்கு சக்கர இழுவை உள்ள பிக்கப்பும், பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. மச்சான் ஒருவர் அதைத்தான் வாங்கச் சொல்கிறார். எஸ்டேட் மண் ரோட்டுக்குள் தினமும் போகிறவர்களுக்கு அது நியாயம். தார் ரோட்டில் மண்டிக்குப் போய்வருகிற எனக்கு அந்தப் பணத்தில் பல வருஷத்துக்கு நல்ல டயர் வாங்கலாம். டயர் பட்டன் (ரோட்டைத் தொடுகிற பக்கத்தில் உள்ள வரிப்பள்ளம்) ஆழம் தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வரும்வரை சட்டம் விடுகிறது. மலையில் மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது, மூன்றுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஐப்பசிக்கு முன்னால் இரண்டு டயர் மாற்றினோம். இரண்டுதான் மாற்றக் காசு இருந்தது. டயர் கடைக்காரர் புதுசை முன்னால் போட எடுத்துவிட்டார், எல்லோரும் அப்படித்தான் கேட்பார்களாம், ஸ்டியரிங் பிடிப்பதற்கு நல்லது என்று. நான் பின்னால் போடச் சொன்னேன். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் வழுக்கும்போது தெரியவருவதற்குள் வண்டி குறுக்கே நிற்கும். இதைச் சொன்னதற்கு அவர், "லோடு வண்டிக்குப் பின் டயர் சீக்கிரம் தேயுமுங்க, புதுசப் போட்டு வீணடிக்கறீங்க" என்றார். தேய்ந்தால் தேயட்டும் என்று பின்னால்தான் போட்டுக்கொண்டு வந்தேன். அலைன்மென்ட்டுக்கு மட்டும் நானூறு ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டார்.